மரவள்ளி, தோட்டம், நடை எல்லாம் இருந்தும் பிரேசிலின் கிலொம்போலா மக்களுக்கு ஏன் பிரஷர்?

பனங்கொட்டை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் பாருங்கள்.

போன மாதம் கிளினிக் கொப்பியில் ஏறிய என் கணக்கு இது: இடுப்பு 98 செ.மீ., பிரஷர் 138/88, சாப்பிடாமல் எடுத்த சீனி 109, ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 210, நல்ல கொலஸ்ட்ரோல் 37. வயது 47, படிப்பிக்கிற உத்தியோகம், வீடு கரவெட்டியில். கை கால் எல்லாம் மெலிவுதான், வயிறு மட்டும் எனக்கு முன்னால் வகுப்புக்குள் போகும். டொக்டர் பிள்ளை (என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது) கொப்பியைப் பார்த்துவிட்டு, "சேர், இன்னும் சீனி வருத்தம் இல்லை, ஆனா ஐந்து குறியும் சேர்ந்து நிக்குது" என்றார். மெட்டபோலிக் சின்ட்ரோமாம், அதாவது அனுசேபக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற நிலை. ஓஎல் விஞ்ஞானத்தில் அனுசேபம் என்று பாடமாக்கிய சொல் முப்பது வருடம் கழித்து என் இடுப்பைச் சுற்றி வந்து நிற்கிறது.

வீட்டில் சொன்னதும் அம்மா தொடங்கிவிட்டார். உன்ர அப்பப்பா 88 வயது வரைக்கும் ஒடியல் கூழும் குரக்கன் புட்டும் சாப்பிட்டார், ஒரு பெனடோல்கூட விழுங்கினதில்லை, நீ பாணும் நூடில்ஸும் திண்டு கெட்டுப்போனாய் என்று. பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார், சலூன்காரரும் அதையே சொன்னார். சரி, பழைய சாப்பாட்டுக்குப் போனால் எல்லாம் இறங்கிவிடும் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரேசில் பற்றி ஒரு ஒப்படை வந்தது. அதற்குத் தேடிக்கொண்டு போய் கிலொம்போலாக்கள் என்ற மக்களிடம் மாட்டிக்கொண்டேன். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் தப்பி ஓடிக் காட்டுக்குள் ஊர் அமைத்தவர்களும், முதலாளி கைவிட்ட காணிகளில் அப்படியே தங்கிவிட்டவர்களும், இப்படிப் பல வழியாக வந்த பரம்பரை. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி முடிந்ததே 1888இல்தான். இவர்களுக்குக் காணி உரிமை உண்டு என்று அரசியலமைப்பில் எழுத இன்னும் நூறு வருடம் எடுத்திருக்கிறது, 1988. குடிசன மதிப்பீட்டில் தனியாக எண்ணியது முதன்முதலாக 2022இல், 13 லட்சத்துக்கு மேல் வந்தது. பாயியா, மரஞ்ஞாவ் என்ற இரண்டு மாநிலங்களில்தான் கூடப்பேர்.

சாப்பாட்டைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தது. மரவள்ளியைச் சீவி, துருவி, பிழிந்து, நஞ்சுத் தண்ணியை வடித்து, அகலமான தாச்சி மாதிரி ஒன்றில் போட்டு வறுக்கிறார்கள், ஊருக்குப் பொதுவாக அதற்கென்று ஒரு கொட்டில், நாலைந்து பெண்கள் சுற்றி இருந்து கதைத்துக்கொண்டே சீவுகிறார்கள். பாணுக்கு அவர்களும் கிட்டத்தட்ட பாண் என்றுதான் சொல்கிறார்கள். போர்த்துக்கேயன் எங்களுக்குக் கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும் தந்ததுபோல அவர்களுக்கு முழு மொழியையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

தோட்டம், மரவள்ளி, மீன், நடை. நியாயப்படி இவர்களுக்கு ஒரு வருத்தமும் இருக்கக்கூடாது. ஆனால் பாயியாவில் விற்றோரியா ட கொங்கிஸ்தா என்ற இடத்துக் கிலொம்போலா ஊர்களில் 2011இல் ஏறத்தாழ 800 பேரை அளந்தபோது நூற்றுக்கு 45 பேருக்குப் பிரஷர் இருந்ததாம். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

கேள்வி இதுதான். இது பரம்பரையா, சாப்பாடா, வேறு ஏதுமா? பழைய சாப்பாடு காப்பாற்றும் என்று நாங்கள் சொல்வது உண்மையா, அல்லது சும்மா எங்கள் ஆசையா? இன்னொன்று, இந்த மாதிரிக் கட்டுரைகளில் 'வாழ்க்கைத் தரம்' என்று ஒரு புள்ளி போடுகிறார்களே, அதை எதை வைத்துப் போடுகிறார்கள்?


கிளினிக்_அக்கா எழுதியது:

தம்பி, நான் தாதியாக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள், டொக்டர் இல்லை. உங்கள் கொப்பிக்கு உங்கள் டொக்டர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

முதலில் அந்த ஐந்து குறி. இடுப்பு எங்கள் ஆட்களுக்கு ஆணென்றால் 90, பெண்ணென்றால் 80 செ.மீ., பிரஷர் 130/85, வெறும் வயிற்றுச் சீனி 100, ட்ரைகிளிசரைட் 150, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ ஒவ்வொரு குறி. நல்ல கொலஸ்ட்ரோல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே போனால் அதுவும் ஒன்று. மூன்று சேர்ந்தால் பெயர் வைத்துவிடுவார்கள். நீங்கள் ஐந்தும் எடுத்திருக்கிறீர்கள், வகுப்பில் முதலாம் பிள்ளை.

உங்கள் அம்மா சொன்ன 88 வயது அப்பப்பா கதைக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம். அவருக்குப் பிரஷரே இல்லை என்கிறீர்கள், யாராவது அளந்தார்களா? வீடு வீடாகப் போன காலத்தில் நான் இதைக் கண்டுகொண்டுதான் இருந்தேன். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை" என்று சொன்னவரின் கையில் பட்டியைக் கட்டினால் 180க்குப் போகும். அந்தக் காலத்தில் 50, 55இல் பாரிசவாதம் வந்து விழுந்தவர்களையும் முற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களையும் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, 88 வரை இருந்தவரை மட்டும் படம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம். பாயியா ஊர்களிலும் பிரஷர் இருந்தவர்களில் கனபேருக்கு அளக்கும்வரைக்கும் அது தெரியாது. பிரஷர் அந்த மெசினோடு ஊருக்குள் வந்ததில்லையே.

பரம்பரை என்று ஒரேயடியாகச் சொல்லவும் ஏலாது. ரிச்சர்ட் கூப்பர் என்று ஒருவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களில் ஒரு வேலை செய்தார்கள். மேற்கு ஆபிரிக்காவில், கரீபியனில், அமெரிக்காவில் சிக்காகோவுக்குப் பக்கத்து ஊரில் என்று ஒரே வேரில் வந்த மக்களை ஒரே முறையில் அளந்தார்கள். உயர் பிரஷர் மேற்கு ஆபிரிக்காவில் நூற்றுக்கு 16, கரீபியனில் 26, சிக்காகோவுக்குப் பக்கத்தில் 33. பிறகு வெள்ளைக்காரரையும் சேர்த்துப் பார்த்தபோது, ஜேர்மன்காரருக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிடக் கூட. இடம் மாற மாறக் கணக்கு மாறினால் குற்றத்தை முழுக்கத் தோலில் போடுவது எப்படி?

அதற்காக உடம்பு எல்லாருக்கும் ஒன்று என்றும் இல்லை. ஆபிரிக்க வழி வந்தவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையிலும் ட்ரைகிளிசரைட் பெரிதாக ஏறாது, அதனால் இந்த ஐந்து குறிக் கணக்கு அவர்களில் சிலரைத் தவறவிடும். அரிவாள் கல நோயின் (செங்குருதிக் கலம் அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை நோய்) மரபணுவைத் தாய் அல்லது தகப்பன் பக்கத்தால் மட்டும் சுமப்பவர்களுக்கு மூன்று மாதச் சீனிப் பரிசோதனை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டலாம். எங்களுக்குப் பிரச்சினை மறுபக்கம், பார்வைக்கு மெலிந்த ஆள், வயிற்றுக்குள் கொழுப்பு. அதனால்தான் இடுப்புக்கு எங்களுக்குத் தனி எல்லை.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. மரவள்ளி மா என்பது மாப்பொருள், மருந்தில்லை. அதோடு சேர்ந்த மீன், பயறு, கீரை, அதை விளைவிக்கிற உழைப்பு எல்லாம் போய், மா மட்டும் மிஞ்சி, அதற்குத் துணையாக உப்பிட்ட இறைச்சியும் பிஸ்கட்டும் சோடாவும் ரோட்டு வழியாக வந்தால் 45 ஏன் வராது? பிரேசில்காரருக்கே இது விளங்கித்தான் 2014இல் வந்த அவர்களுடைய உணவு வழிகாட்டியில் சத்துக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எவ்வளவு தூரம் ஆலையில் பதப்படுத்தியது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒடியல் கூழ் வருடத்துக்கு ஒரு நாள், கோதுமை மாப் புட்டு 300 நாள், பிறகு பெயர் மட்டும் பாரம்பரியம்.

வாழ்க்கைத் தரம் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அடுப்பில் சொதி.


ரொறன்ரோ_கிழவன் எழுதியது:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் நான் ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். 1990 தொடக்கம் 95 வரை, சண்டையில் யாழ்ப்பாணத்துக்குப் பொருள் வரத் தடை இருந்த காலத்தில், நான் கோண்டாவிலில் இருந்தேன். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, சவுக்காரம் வாங்கவே வரிசை. கோண்டாவிலிலிருந்து சாவகச்சேரிக்குச் சைக்கிள்தான், பின்னால் ஒரு மூட்டை, முன்னால் ஒரு பிள்ளை. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்போம், அதுவும் ஒரு உடற்பயிற்சி. மரவள்ளி அவித்து உள்ளிச் சம்பலோடு தின்றோம் (அன்றைக்கு மட்டும் இஞ்சி தொடக்கூடாது என்று அம்மா பாதுகாப்பு உத்தரவு). ஊரில் ஒருவருக்கும் வயிறு இல்லை. இங்கே கனடாவுக்கு வந்து நாலு வருடத்தில் எனக்கு 14 கிலோ ஏறியது, சீனி வந்தது, இப்போது இரவில் இரண்டு குளிசை.

அந்தக் காலமே ஒரு ஆராய்ச்சிதான். யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.


ஈரச்சாக்கு எழுதியது:

ரொறன்ரோ ஐயா, அந்தக் காலத்தைச் சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள்.

என் பெரியப்பாவுக்கு இன்சுலின் ஊசி. கரண்ட் இல்லை, ஆகவே பிரிட்ஜ் இல்லை. பெரியம்மா ஒரு மண்பானைக்குள் ஆற்று மணல் போட்டு, நனைத்து, சின்னப் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி மணலுக்குள் புதைத்து, பானை வாயை ஈரச்சாக்கால் மூடி, அடுப்படியின் இருட்டு மூலையில் வைப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், பின்னேரம் சாக்குக்குத் தண்ணி தெளிக்கிறது என் வேலை. இன்றைக்கும் ஈரச்சாக்கு மணத்தால் எனக்கு அந்த அடுப்படிதான் நினைவுக்கு வரும், பெயரையும் அதனால்தான் வைத்தேன். 93இல் மருந்து வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. போத்தலில் மிஞ்சியிருந்ததைப் பாதிப் பாதியாக அளந்து போட்டார்கள். மூன்றாம் கிழமை பெரியப்பா இல்லை. வயிறு அவருக்கும் இல்லைத்தான்.

நீங்கள் சொன்ன 'ஆராய்ச்சி' வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கியூபா. அங்கேயும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் நிறையப் பேர். 1991இல் சோவியத் உதவி நின்றதும் 95 வரைக்கும் பெற்றோல் இல்லை, சாப்பாடு குறைவு, சனம் முழுக்கச் சைக்கிளில். சியென்பூகோஸ் என்ற நகரத்தில் தொடர்ச்சியாக அளந்ததில் ஆளுக்குச் சராசரியாக 5.5 கிலோ இறங்கியது, அதைத் தொடர்ந்து நாட்டில் சீனி வருத்தத்தாலும் இதய நோயாலும் வந்த இறப்புக் குறைந்தது, நிலைமை சரியாகி எடை திரும்ப ஏறியபோது சீனி வருத்த இறப்புத் திரும்பத் தலைதூக்கியது, இதய நோய் இறப்புக் குறைகிற வேகமும் தளர்ந்தது. இதுவரை உங்கள் கதைதான். ஆனால் அதே வருடங்களில் அங்கே 50,000 பேர் வரையில் கண்பார்வையும் நரம்பும் பழுதானார்கள், சத்துக் குறைவுதான் முக்கிய காரணம். இதையும் சேர்த்துத்தான் அந்தச் சைக்கிளைப் பார்க்கவேண்டும்.

பனங்கொட்டை அண்ணை, உங்கள் கேள்விக்கு என் பதில்: நடையும் குறைந்த சாப்பாடும் வேலை செய்யும், அது நிச்சயம். ஆனால் கட்டாயத்தில் நடப்பதற்குப் பெயர் ஆரோக்கியமா என்பது வேறு கேள்வி. கிலொம்போலா ஊரில் ஒரு கிழவி எட்டுக் கிலோமீற்றர் நடந்து மருந்தெடுக்கப் போனால், அதை உடற்பயிற்சி என்று எழுதுவதா, வைத்தியசாலை தூரம் என்று எழுதுவதா?


மயிலிட்டிக்காரன் எழுதியது:

நான் இந்தக் களத்தில் வாசிக்கிறதோடு சரி, எழுதுகிறது குறைவு. கிலொம்போலா என்ற பெயரைப் பார்த்ததும் எழுத வேண்டி வந்தது.

மரஞ்ஞாவில் அல்கந்தாரா என்று ஒரு கரையோரம். அங்கே 1980களில் ரொக்கெட் ஏவுதளம் அமைத்தார்கள், பூமத்திய ரேகைக்குக் கிட்ட என்பதால் நல்ல இடமாம். கடற்கரையில் இருந்த கிலொம்போலாக் குடும்பங்கள் 300க்கு மேல் எழுப்பப்பட்டு, உள்ளே வரிசையாகக் கட்டிய குடியேற்றங்களில் விடப்பட்டார்கள். காணித் துண்டு கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். கடல் மட்டும் இல்லை. மீன் பிடிக்கிறவன் மணிக்கணக்கில் நடந்து கடலுக்குப் போகவேண்டும், கொடுத்த மண்ணும் அவ்வளவு வாசியில்லை. ஒரு ஏவுதளம் ஒரு ஊரின் சாப்பாட்டுத் தட்டை மாற்றிவிட்டது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது என் ஊர்ப் பெயரைப் பார்த்தால் நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று விளங்கும். மயிலிட்டி மீன்பிடித் துறைமுக ஊர், 1990இல் சண்டையோடு வெளிக்கிட்டோம், ஊர் ஆமியின் கையில் போனது. மல்லாகம் பக்கத்து முகாமில் அப்பா இருந்தது இருபத்தேழு வருடம். அவர் வள்ளத்தில் போன காலத்தில் வயிறு பலகை மாதிரி இருக்கும், நான் ஏறி நின்றிருக்கிறேன். முகாமில் நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. மீன் காசு கொடுத்து வாங்குகிற பொருளாகிவிட்டது, அதுவும் நேற்றைய மீன். வேலை கிடைத்த நாள் கூலி, கிடைக்காத நாள் கதிரை. பழக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும், எழும்பி வாசலில் இருந்து சீனி போட்ட தேத்தண்ணி ஒன்று, காற்றைப் பார்த்து "சோளகம் விழுந்திட்டுது" என்பார், பிறகு இன்னொரு தேத்தண்ணி. போவதற்குக் கடல் இல்லாத ஆளுக்குச் சோளகம் விழுந்தால் என்ன, எழும்பினால் என்ன. ஐம்பது வயதில் சீனி, பிறகு பிரஷர், பிறகு கால் விரலில் ஒரு புண். அவருடைய கூட்டாளிகள் பலருக்கும் இதே வரிசைதான். எங்கள் பரம்பரையில் அதற்கு முன்னால் ஒருவருக்கும் இருந்ததில்லை என்று சொல்லத்தான் வந்தேன், அக்கா அளந்தீர்களா என்று கேட்பார் என்று பயமாக இருக்கிறது. சரி, அளக்கவில்லை.

2017இல் ஆமி துறைமுகத்தைத் திருப்பி விட்டுக்கொடுத்தபோது ஒரு விரல் இல்லாமல் வந்து நின்று பார்த்தார். கடலுக்குப் போகவில்லை.

கிலோம்போ என்ற சொல் அங்கோலாவின் கிம்புண்டு மொழியிலிருந்து வந்தது. அர்த்தம் முகாம். இதைப் படித்த அன்று நான் வேறு ஒன்றும் படிக்கவில்லை.


புத்தளத்தான் எழுதியது:

திரியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், மட்டுறுத்துனர் மன்னிக்கவும். பிரேசில் வரைக்கும் போயிருக்கிறீர்கள், புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் இறங்கவில்லையே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று ஆட்சியும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழி வந்த சின்னச் சமூகம் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. முந்தி போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசினார்கள், இப்போது பாட்டில்தான் அது மிச்சம். யாழ்ப்பாணத்தில் சுருட்டை முடியோடு கறுப்பாக ஒரு பிள்ளை பிறந்தால் 'காப்பிலி' என்று செல்லமாகவோ நக்கலாகவோ கூப்பிடுகிறீர்களே, அந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் பிரஷரையும் யாராவது அளந்தால் நல்லது. அவ்வளவுதான், தொடருங்கள்.


கிளினிக்_அக்கா எழுதியது:

புத்தளத்தான் தம்பி, அது விலகல் இல்லை. நாளும் பொழுதும் அவமானப்படுவதும் உடம்பில் ஏறும், பிரஷரைத் தூக்குகிற சங்கதிகளில் அதுவும் ஒன்று.

மயிலிட்டித் தம்பி, நான் கேட்கப் போவதில்லை. உங்கள் அப்பாவின் பலகை வயிறே எனக்கு அளவு.

இனி வாழ்க்கைத் தரம். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னக் கேள்விக்கொத்து ஒன்று இருக்கிறது, 26 கேள்வி. உடம்பு, மனம், மற்ற மனிதரோடு உள்ள உறவு, சுற்றாடல் என்று நாலு பகுதி. சுற்றாடல் என்றால் மரம் செடி மட்டும் இல்லை, காசு போதுமா, பயமில்லாமல் இருக்கிறீர்களா, மருந்தெடுக்கப் போக வசதியா, பஸ் இருக்கிறதா, பொழுதுபோக்க நேரம் உண்டா, எல்லாம் அதற்குள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று தொடக்கம் ஐந்து வரை புள்ளி. ஆக, சீனி 109 என்பதைப்போல இதை ஊசி குத்தி எடுக்கமுடியாது, ஆளே சொல்லவேண்டும்.

அதில்தான் வேடிக்கை. ஒரு படிப்புக்கு உதவியாக இந்தக் கேள்விகளைக் கொண்டு தீவுப் பக்கம் போயிருக்கிறேன். ஓலை வேலி, ஒரு ஆடு, 72 வயது ஆச்சி, சீனி 240. "உங்கள் வாழ்க்கை எப்படி ஆச்சி?" என்றால், "எனக்கென்ன குறை பிள்ளை, மகள் பக்கத்து வளவில, கோயில் கூப்பிடு தூரத்தில" என்று ஐந்தும் நாலும் போடுகிறார். மருந்தெடுக்கும் வசதி என்ற கேள்வி வந்ததும் முகம் மாறியது, வள்ளம், பிறகு பஸ், பிறகு வரிசை, ஒன்றுதான் போட்டார். அதே கிழமை இந்தப் பக்கம் மாபிள் போட்ட வீடு, பிள்ளைகள் நாலும் வெளிநாட்டில், ஐயாவின் குருதியமுக்கம் 120/78, எல்லாப் பரிசோதனையும் பொருந்தி வந்த மனிதர், உறவுப் பகுதிக்கு ஒன்று, ஒன்று, ஒன்று. பேனையை மூடி வைத்துவிட்டு அவரோடு அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு இருந்தேன். அது படிப்பில் வரவில்லை.

அதனால் ஒரு கிலொம்போலா ஊரில் உறவுப் புள்ளி நன்றாகவும் சுற்றாடல் புள்ளி படுமோசமாகவும் வந்தால் நான் அதிசயப்படமாட்டேன். மொத்தத்தைக் கூட்டிப் பிரித்து "பரவாயில்லை" என்று எழுதினால் ஆச்சியின் வள்ளம் காணாமல் போய்விடும்.

அங்கே ஒன்று எனக்குப் பிடித்தது. பிரேசிலில் அரச இலவச மருத்துவத்தில் ஊர்ப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், அந்த ஊரிலேயே இருக்கிற ஆள், மாதத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போகவேண்டும். எங்களுக்கும் மருத்துவம் இலவசம், எங்கள் குடும்ப நல உத்தியோகத்தரும் வீட்டுக்கு வருவார், ஆனால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்தான். 47 வயது வாத்தியாரைத் தேடி ஒருவரும் வருவதில்லை, அவராகத்தான் கிளினிக்குக் கிளம்பவேண்டும். ஆண்கள் கிளம்புகிறார்களா? கிளினிக் வாங்கில் பத்துப் பேர் இருந்தால் எட்டுப் பெண்கள்.


ரொறன்ரோ_கிழவன் எழுதியது:

ஈரச்சாக்குப் பிள்ளை, உன் பெரியப்பா கதை எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். நான் சைக்கிளைப் பற்றி மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள். இங்கே பனிக்காலத்தில் அதுவும் ஏலாது.


பனங்கொட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அக்கா எழுதியதைப் படித்த அன்றே அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், அப்பப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று. அவரோடு சேர்த்து ஐந்து பேராம். மூத்தவர் 61இல், தோட்டத்தில் விழுந்தார். ஒரு தங்கச்சி 54இல், பாரிசவாதம், எட்டு மாதம் படுக்கை. ஒருவர் மலேசியாவுக்குப் போனவர், விபரம் இல்லை. கடைசித் தம்பி சின்ன வயதிலேயே. எல்லாரும் ஒரே பானையில் ஒரே கூழ் குடித்தவர்கள். படத்தில் மாலையோடு தொங்குகிறவர் அப்பப்பா மட்டும்தான், அக்கா சொன்னது அப்படியே.

அப்பப்பாவின் வேலையையும் கேட்டேன். விடிய நாலு மணிக்குத் துலா மிதிக்கப் போவார், ஒருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து இறைக்க இவர் மேலே துலாவில் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கவேண்டும், வெங்காயத்துக்கு நாலு மணித்தியாலம், புகையிலைக் காலத்தில் பின்னேரமும். ஒடியல் கூழ் அதற்குப் பிறகு. நான் கூழை மட்டும் எடுத்துக்கொண்டு துலாவை விட்டுவிட்டேன். எங்கள் கிணற்றில் இப்போது மோட்டர், சுவிட்சைப் போடுவது நான்தான், அதுவும் படலைக்குப் பக்கத்தில்.

மயிலிட்டித் தம்பி, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மகளின் ஒப்படையில் அல்கந்தாரா பற்றி அரைப் பக்கம் சேர்த்திருக்கிறாள், முகாம் என்ற சொல்லையும்.

என் பக்கம்: பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறேன், போக 25 நிமிடம். இரவில் புட்டை இரண்டு அகப்பையால் நிறுத்தியாயிற்று, மாவும் சிவப்பரிசி மாவாக மாற்றியாயிற்று, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை (இதுதான் எல்லாவற்றிலும் கடினம், பனங்கட்டி கடித்துக் குடித்தால் கணக்கில் வராது என்று சொன்ன நண்பர் ஒருவரை அக்கா கவனிக்கவும்). மூன்று மாதத்தில் திரும்ப அளக்கச் சொன்னார்கள், கொப்பியோடு வந்து எழுதுகிறேன்.

இன்னொன்று. போன வியாழன் கிளினிக்குக்குப் போகும்போது துணைக்கு என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், சும்மா இருக்கிற நேரம்தானே என்று அவருடைய கையிலும் பட்டியைக் கட்டச் சொன்னேன். 164/92. இரண்டாம் தரமும் அதேதான். 74 வயதில் முதல் தடவையாம். வழி முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை, வீட்டு வாசலில் ஓட்டோவால் இறங்கும்போதுதான் சொன்னார், மெசின் பிழையாம்.